மடத்துக்குள் கொலை, தோட்டத்திலிருந்து வாசிப்பு: ‘தி நேம் ஆஃப் தி ரோஸ்’

சரித்திரத் துப்பறியும் நாவல் என்று அட்டையில் போட்டுக்கொண்டு வரும் புத்தகங்கள் பலவற்றில் சரித்திரம் வெறும் அலங்காரம். பழைய உடை, குதிரை, எண்ணெய் விளக்கு எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு, அதே கொலையை இன்றைய கோலாலம்பூர் அடுக்குமாடி ஒன்றில் நடத்தினாலும் கதை குறையில்லாமல் ஓடும். உம்பெர்த்தோ எக்கோவின் ‘தி நேம் ஆஃப் தி ரோஸ்’ அப்படிப்பட்டதல்ல. 1327 நவம்பர் கடைசி வாரத்தை அதிலிருந்து உருவிவிட்டால் கொலையும் இல்லை, கொலைக்கருவியும் இல்லை, துப்பறிய வந்தவர்கள் அங்கே வந்து சேரக் காரணமும் இல்லை. மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டார ரப்பர் தோட்டங்களில் வேலை பார்த்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் சேர்ந்து படித்த எங்கள் வாசகர் வட்டத்தில் பல கருத்துகள் முட்டிக்கொண்டன. இந்த ஒன்றில் மட்டும் யாரும் மாறுபடவில்லை.

இத்தாலிய மூலம் 1980இல் வந்தது. நாங்கள் படித்தது வில்லியம் வீவர் செய்து 1983இல் வெளியான ஆங்கில மொழிபெயர்ப்பு. ஏறக்குறைய 500 பக்கம். எக்கோ போலோஞ்ஞா பல்கலைக்கழகத்தில் குறியியல் பேராசிரியராக இருந்தவர், இது அவருடைய முதல் நாவல். குறியியல் என்ற சொல்லைக் கேட்டு யாரும் பின்வாங்க வேண்டாம். ஒரு தடத்தைப் பார்த்தால் அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர் எழுதிய கதை என்ற அளவில் தெரிந்தால் போதும்.

வட இத்தாலியில், மலைமேல் ஒரு பெனடிக்டைன் மடம். ஏடுகளில் ஓவியம் தீட்டும் இளந்துறவி அடெல்மோ, மதிலுக்குக் கீழே பள்ளத்தில் பிணமாகக் கிடக்கிறார். சில நாளில் அங்கே ஒரு பெரிய பேச்சுவார்த்தை நடக்கவிருக்கிறது. அவிஞ்ஞோனில் இருக்கும் போப் இருபத்திரண்டாம் ஜானின் ஆட்கள் ஒரு பக்கம். பேரரசர் லுட்விக்கின் ஆதரவு பெற்ற பிரான்சிஸ்கன் துறவிகள் மறுபக்கம். இயேசுவுக்குச் சொந்தமாகச் சொத்து இருந்ததா என்பதே வழக்கு. கேட்க வெறும் சமய விவாதம்போல இருக்கும். ‘இல்லை’ என்று ஒப்புக்கொண்டால் திருச்சபையின் நிலபுலன்களுக்கு என்ன நியாயம் என்ற கேள்வி பின்னாலேயே வந்து நிற்கும். அதனால்தான் இத்தனை பேர் மலையேறி வருகிறார்கள். வருகிறவர்கள் கையில் இந்தச் சாவு ஆயுதமாகிவிடக் கூடாது என்று மடத்தலைவர் அபோ அஞ்சுகிறார். முன்கூட்டியே வந்து சேர்ந்த பாஸ்கர்வில் வில்லியமிடம் விசாரிக்கச் சொல்கிறார். வில்லியம் இங்கிலாந்துக்காரர், பிரான்சிஸ்கன், ஒரு காலத்தில் மத விசாரணை அதிகாரியாக இருந்து அந்த வேலையை விட்டவர். கூட வந்தவன் அட்ஸோ, மெல்க் நகரத்தோடு சேர்ந்த பெயர் கொண்ட இளம் பெனடிக்டைன் சீடன். எங்கே வேண்டுமானாலும் போகலாம், யாரை வேண்டுமானாலும் கேட்கலாம். மேல்மாடி நூலகத்துக்குள் மட்டும் கால் வைக்கக் கூடாது. இதுதான் அபோ போடும் நிபந்தனை.

முதல் அத்தியாயத்திலேயே வில்லியம் தன் கைவரிசையைக் காட்டிவிடுகிறார். மலையேறும்போது எதிரே ஒரு கூட்டம் பரபரப்பாக வருகிறது. யாரும் வாய் திறக்குமுன், குதிரை இந்த வழியாகத்தான் போயிருக்கிறது, வலப்பக்கப் பாதையில் தேடுங்கள் என்கிறார். அதன் நிறம், உயரம், பெயர் வரைக்கும் சொல்கிறார். பனியில் பதிந்த குளம்பின் அளவும் இடைவெளியும், ஏறத்தாழ ஐந்தடி உயரத்தில் ஒடிந்திருந்த சுள்ளிகள், முள்ளில் சிக்கிய கருமயிர் இவைதான் ஆதாரம். இவ்வளவும் எந்தத் துப்பறிவாளரும் செய்யக்கூடியது. கவனிக்க வேண்டியது பெயரும் அழகும்தான். தலை சிறுத்து, காது கூர்ந்து, கண் பெருத்திருக்கும் என்கிறார். அந்தக் குதிரை நிஜமாக அப்படி இருந்ததா என்பது அவருக்குத் தெரியாது. நல்ல குதிரை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று அக்கால ஏடுகள் எழுதிவைத்திருக்கின்றன. மடத்துத் துறவிகள் அந்த ஏட்டின் கண்ணால்தான் தங்கள் குதிரையைப் பார்ப்பார்கள், ஏட்டில் உள்ள பெயரைத்தான் அதற்கு வைத்திருப்பார்கள். தடம் குதிரையைக் காட்டுகிறது. பெயரைக் காட்டுவது அந்த மனிதர்களின் படிப்பு. 1327இல் படித்தவர்கள் எப்படி யோசித்தார்கள் என்று தெரியாத ஒருவரால் அந்தப் பெயரைச் சொல்லியிருக்க முடியாது. நாவல் முழுக்க இதே வேலைதான் நடக்கிறது.

புத்தகம் ஏழு நாளாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு நாளும் மடத்தின் வழிபாட்டு வேளைகளாகப் பிரிகிறது. மேட்டின்ஸ் என்ற முதல் வழிபாடு பின்னிரவு இரண்டரை மூன்று மணிக்கு. கம்ப்ளின் என்ற கடைசி வழிபாடு மாலை ஆறு மணிவாக்கில், ஏழுக்குள் எல்லாரும் படுக்கை. தொடக்கக் குறிப்பிலேயே இந்த நேர அட்டவணை இருக்கிறது. அதைத் தாண்டிப் போகாதீர்கள். ஒரு துண்டுத் தாளில் எழுதி உள்ளே வைத்துக்கொள்வது நல்லது. பட்டணத்து வாசகர்களுக்கு இது வெறும் தலைப்பாகப் படலாம். பெரட்டு மணியில், அதாவது விடியுமுன் வேலைக்கு ஆள் கூட்டும் மணியில், வளர்ந்தவர்களுக்கு இதன் பயன் உடனே பிடிபடும். விடியுமுன் மரத்துக்குள் அழுத்தம் கூடுதலாக இருப்பதால் அப்போது சீவினால்தான் பால் நன்றாக வடியும். வெயில் ஏற ஏறக் குறைந்துபோகும். எனவே பெரட்டு எப்போது, மர நிரைக்குப் போவது எப்போது, மங்குப் (கிண்ணப்) பாலை எடுப்பது எப்போது, ஸ்டோரில் நிறுப்பது எப்போது என்பதெல்லாம் துரையின் விருப்பப்படி வந்ததல்ல, மரம் வைத்த நேரம். இன்ன மணிக்கு இன்னார் இன்ன நிரையில் இருப்பார் என்று கங்காணிக்குப் பார்க்காமலே தெரியும். ஒருவர் அங்கே இல்லை என்றால் அதுவே சேதி. எக்கோவின் மடமும் அப்படித்தான் இயங்குகிறது. மேட்டின்ஸில் ஓர் இருக்கை காலியாக இருக்கிறது. அந்த இருக்கைக்கு உரியவரைத் தேடத் தொடங்குவதுதான் மூன்றாம் நாளின் கதை. ஆறாம் நாளிலும் ஒரு காலி இருக்கைதான் முதலில் கண்ணில் படுகிறது. சாவி யாரிடம், அடுப்படியை இரவில் யார் பூட்டுகிறார், நூலகருக்கும் துணை நூலகருக்கும் தவிர மேலே போக யாருக்கு அனுமதி என்பதெல்லாம் முன்னாலேயே சொல்லப்பட்டுவிடுகிறது. கிராணி (எழுத்தர்), ஸ்டோர்க்காரர், டிரசர் (மருந்தக உதவியாளர்) என்று அவரவர் சாவியோடு வாழ்ந்த ஒரு தோட்டத்தை அறிந்தவர்கள் இந்த மடத்துக்குள் வழி தவற மாட்டார்கள்.

நவம்பர் மாதம் என்பதும் ஏனோதானோவென்று போட்டதல்ல. நாவலுக்குப் பிறகு எக்கோ எழுதிய பின்னுரையில் கணக்கைத் தெளிவாகச் சொல்கிறார். பிரான்சிஸ்கன் தலைவர் செசேனாவின் மைக்கேல் 1327 டிசம்பரில் அவிஞ்ஞோனில் இருந்தார் என்பது சரித்திரம். ஆகவே மடத்துச் சந்திப்பு அதற்கு முன், நவம்பரில் முடிந்தாக வேண்டும். ஆனால் கதைக்குப் பன்றி இரத்தம் நிறைந்த ஒரு தாழி தேவை. இரண்டாவது பிணம் அதில்தான் தலைகுப்புறக் கிடக்கிறது. பன்றி வெட்டுவது நல்ல குளிர் விழுந்த பிறகுதான், நவம்பர் அதற்குச் சற்று முந்தின காலம். சமவெளியில் மடம் இருந்தால் சரிப்படாது. மலைமேல் வைத்தால் குளிர் முந்தியே இறங்கிவிடும். மலைக்குப் போனதால் பனி வந்தது. பனி வந்ததால் காலடித் தடம் வந்தது. ஒரு தேதியைச் சரித்திரத்துக்கு உண்மையாகப் பிடித்துக்கொண்டதால் இடமும் தட்பவெப்பமும் துப்பும் ஒன்றன்பின் ஒன்றாகத் தாமே வந்து அமைந்திருக்கின்றன. எழுத நினைக்கும் இளைஞர்கள் இந்த ஒரு பகுதியையாவது ஊன்றிப் படிக்க வேண்டும். தோட்டப்புறத்தை வைத்து மர்மக் கதை எழுதுகிறவர்கள் பலர் மழைக்காலத்தில் கொலையை வைத்துவிட்டு, மறுநாள் காலை எல்லாரும் பால் வெட்டப் போவதாக எழுதிவிடுகிறார்கள். பட்டை நனைந்தால் பால் வெட்டுவாயில் நிற்காமல் வழிந்துபோகும், அன்றைக்குச் சீவ முடியாது. அந்தச் சிறு பிழையில் கதையின் சாட்சியங்கள் எல்லாமே சாய்ந்துவிடும்.

இனி இரட்டையரைப் பற்றி. பாஸ்கர்வில் என்ற பெயர் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலிருந்து வந்தது என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. அட்ஸோ என்பதில் வாட்சனின் ஓசை இருப்பதும் கண்கூடு. அதனால் அட்ஸோவை வியப்பதற்கென்று கூட வைத்த ஆளாக எடுத்துக்கொண்டவர்கள் எங்களிடையேயும் உண்டு. அது சரியில்லை என்பது என் உறுதியான எண்ணம். வில்லியமுக்கு அறிவு இருக்கிறது, கண் இல்லை. மூக்கில் மாட்டும் கண்ணாடிச் சில்லுகள் இரண்டாம் நாள் இரவு களவு போய்விடுகின்றன. கையில் கிடைத்த ரகசியக் குறிப்பு கிரேக்கத்தில் இருக்கிறது. அட்ஸோவுக்குக் கண் நன்றாகத் தெரியும், கிரேக்கம் தெரியாது. வில்லியமுக்குக் கிரேக்கம் தெரியும், எழுத்து கண்ணுக்குத் தெரியாது. புதிய சில்லு தேய்க்கக் கண்ணாடிவேலைத் துறவி நிக்கோலஸை நாடிப் போக வேண்டியிருக்கிறது. இந்த இடைவெளியில்தான் இன்னொருவர் சாகிறார். மூக்குக் கண்ணாடி பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில்தான் இத்தாலியில் புழக்கத்துக்கு வந்தது. 1327இல் அது அரும்பொருள், கடையில் போய் இன்னொன்று வாங்க முடியாது. அறுபது ஆண்டு முன்னால் கதையை வைத்திருந்தால் வில்லியமிடம் கண்ணாடியே இருந்திருக்காது. இருநூறு ஆண்டு பின்னால் வைத்திருந்தால் களவு போனதில் பெரிய இழப்பு இருக்காது. தேதி பொருந்தி வருவதை இங்கேயும் பாருங்கள்.

அதே தாளில் ஒளிந்திருந்த இன்னொரு குறிப்பு கண்ணுக்குத் தெரிய வருவதும் அட்ஸோ கையால்தான். விளக்கைத் தாளுக்கு மிக நெருக்கமாகப் பிடித்துவிடுகிறான். சூட்டில் மறைமை எழுத்துகள் மெல்லப் பழுப்பேறி எழுகின்றன. பிறகு நாள்கணக்கில் திறக்காத ஒரு கதவு. அதைத் திறக்கும் வழி ஒரு லத்தீன் வாசகத்தில் ஒளிந்திருக்கிறது. வில்லியம் எல்லா விதமாகவும் முயன்று பார்த்துவிட்டார். கடைசியில் குதிரைலாயத்தில், சால்வதோரே என்ற பாமரத் துறவி குதிரையைப் பற்றித் தப்பும் தவறுமாகப் பேசிய லத்தீனை அட்ஸோ சும்மா பேச்சுக்குச் சொல்லிக் காட்டுகிறான். அந்தத் தப்பிலிருந்துதான் வில்லியமுக்குப் பொறி தட்டுகிறது: வாசகம் பொருளைச் சொல்லவில்லை, சொல்லைத்தான் சொல்கிறது. இதற்கு மேல் சொல்ல மாட்டேன். ஆறாம் நாள் அட்ஸோ காணும் கனவும் அப்படியே. அவன் உளறுவதுபோலச் சொல்கிறான், வில்லியம் அதிலிருந்து தேடும் புத்தகம் எத்தகையது என்று பிடித்துவிடுகிறார். உதவியாளன் அறியாமல் கொடுத்ததை ஆசான் அறிந்து எடுத்துக்கொள்கிறார். இருவரில் ஒருவரை எடுத்துவிட்டால் வழக்கு நகராது. துப்பறியும் இரட்டையர் கதைகளில் இந்த அளவுக்குக் கணக்காகப் பங்கு பிரித்ததை வேறெங்கும் நான் கண்டதில்லை.

சொல்பவன் எண்பது வயது அட்ஸோ, பார்த்தவன் பதினெட்டு வயது அட்ஸோ. அதனால் விளக்கம் சொல்லும் பாரம் இயல்பாகவே கரைந்துவிடுகிறது. வில்லியமுக்குத் தெரிந்ததை அவன் கேட்கிறான், நாமும் கேட்டுக்கொள்கிறோம். சரித்திர நாவல்களில் வழக்கமாகச் சறுக்குமிடம் இது: ஒரே காலத்தில் வாழும் இருவர், இருவருக்கும் தெரிந்த செய்தியை வாசகருக்காக ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அட்ஸோ நிஜமாகவே அறியாதவன் என்பதால் அந்தப் பிசகு நேரவில்லை. உரையாடலின் நீளத்திலும் ஒரு கண்டிப்பு இருக்கிறது. மடத்தின் வரைபடத்தைக் கண்முன் வைத்துக்கொண்டு, இரண்டு இடங்களுக்கு இடையே நடக்கும் தூரத்துக்கு ஏற்றாற்போலப் பேச்சை அளந்து எழுதியதாக எக்கோவே பின்னுரையில் சொல்கிறார். போய்ச் சேர்ந்ததும் பேச்சு நின்றுவிடும்.

நூலகத்தில் மொத்தம் 56 அறைகள். அவற்றில் 4 ஏழுபக்க அறைகள், மற்ற 52 ஏறக்குறையச் சதுரம். அந்த 52இல் 8 அறைகளுக்குச் சன்னலே இல்லை. 28 வெளிப்பக்கம் பார்க்கின்றன, 16 உள்முற்றம் பார்க்கின்றன. முதல் தடவை உள்ளே போகும்போது இருவரும் வழி தெரியாமல் சுற்றுகிறார்கள். மயக்கம் தரும் மூலிகைப் புகையும், உருவத்தைத் திரித்துக் காட்டும் கண்ணாடியும் ஆளை விரட்டவென்றே வைக்கப்பட்டிருக்கின்றன. தட்டுத் தடவி வெளியே வருகிறார்கள். அதன்பிறகு வில்லியம் செய்வதுதான் அழகு. உள்ளே அலைவதை நிறுத்திவிட்டு, வெளியிலிருந்து கட்டடத்தைப் பார்த்துச் சன்னல்களை எண்ணி, உள் அமைப்பைக் கணக்குப் போட்டு வரைகிறார். அடுத்த முறை போகும்போது வளைவுகளின் மேல் எழுதியிருக்கும் வாசகங்களின் முதலெழுத்துகளைக் கோக்கிறார்கள், ஊர்ப்பெயர்கள் வருகின்றன. அயர்லாந்துக்காரர் எழுதிய ஏடுகள் அயர்லாந்து என்ற அறைகளில். நூலகமே உலக வரைபடம். இந்தப் பகுதியைப் படிக்கும்போது பென்சிலும் தாளும் எடுத்துக்கொண்டு கூடவே வரைந்தவர்கள் ரசித்தார்கள்; வெறுமனே படித்தவர்கள் குழம்பினார்கள். பல பதிப்புகளில் மடத்தின் வரைபடம் முன்பக்கத்தில் இருக்கிறது. வாங்கும்போது அது இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அடுத்த மூன்று பத்திகளில் கொலை எப்படி நடந்தது என்பதைச் சொல்கிறேன். யார் செய்தார் என்பதைச் சொல்லவில்லை. இன்னும் படிக்காதவர்கள் விருப்பமில்லையென்றால் தாண்டிவிடலாம்.

செத்தவர்களில் சிலரின் வலக்கை விரல் நுனியும் நாக்கும் கருத்திருக்கின்றன. மூலிகைத் துறவி செவெரினஸ் இதைக் கவனிக்கிறார். விரலில் பட்டது ஏன் நாக்குக்குப் போனது? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தால் வழக்கு முடிந்தது. பதில், புத்தகத்தின் பக்கம் என்ன பொருளால் ஆனது என்பதில் இருக்கிறது. அக்கால ஏடுகள் பெரும்பாலும் தோல். பதப்படுத்திய ஆட்டுத் தோலும் கன்றுத் தோலும் ஒன்றோடொன்று எளிதில் ஒட்டிக்கொள்வதில்லை. இந்த ஒரு புத்தகம் மட்டும் நார்த்துணியிலிருந்து செய்த தாள், ஸ்பெயின் பக்கம் புதிதாகப் பரவிக்கொண்டிருந்த சரக்கு. ஈரம் பட்டால் மெல்லிய தாள்கள் ஒட்டிக்கொள்ளும். பிரிக்க வேண்டுமென்றால் விரலை நாக்கில் நனைத்துத்தான் பிரிக்க வேண்டும். பக்கத்தின் மூலையில் நஞ்சு தடவியிருக்கிறது. ஆவல் கூடக் கூட, புரட்டிய பக்கங்கள் கூடக் கூட, உள்ளே போகும் அளவும் கூடுகிறது. கொஞ்சம் படித்தவனுக்கு ஒன்றுமில்லை, நிறுத்த முடியாமல் படித்தவன் சாகிறான். கொலைகாரன் அருகில் இருக்கவே வேண்டியதில்லை.

எங்கள் வட்டத்தில் இந்தப் பகுதியை மற்ற எவரையும்விட நுணுக்கமாகப் பிரித்துப் பேசியவர்கள் தோட்டத்தில் களைமருந்தடித்த பெண்கள். லாலான் களைப்புல்லுக்கு முற்காலத்தில் சோடியம் ஆர்சனைட் அடித்தார்கள். அந்தப் புல்லை மேய்ந்த மாடுகள் செத்தன. பிறகு பாராக்குவாட் வந்தது. 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து மலேசியாவில் அதற்கு முழுத் தடை. அவர்கள் எழுப்பிய முதல் ஐயம்: விரலின் தோலைக் கருக்கும் அளவுக்குக் கடுமையான நஞ்சு என்றால் எரிச்சல் தெரியாமலா இருக்கும்? பாராக்குவாட் பட்ட நகம் நிறம் மாறிக் கழன்று வரும், ஆனால் அதற்குச் சில நாளாகும். நாவலில் மணிக்கணக்கில் கருத்துவிடுகிறது. ஓய்வுபெற்ற டிரசர் ஒருவர் இதற்குச் சொன்ன பதில் ஒப்புக்கொள்ளும்படி இருந்தது: கறை வேறு, புண் வேறு. கருத்தது வெறும் சாயமாக இருக்கலாம், சாகடித்தது வாய்வழி போனது. எக்கோ அந்த நஞ்சுக்குப் பெயர் வைக்கவில்லை. தொலைதூரத்திலிருந்து வந்தது, ஆண்டுகளுக்கு முன் செவெரினஸின் கூடத்திலிருந்து காணாமல் போனது என்று மட்டும் சொல்கிறார். பெயர் சொல்லியிருந்தால் அளவும் அறிகுறியும் ஒத்துவருகிறதா என்று யாரும் சரிபார்த்துவிடலாம். சொல்லாமல் விட்டது ஒருவகையில் தப்பிக்கும் வழிதான், நாவலின் பலவீனமான ஆணி இது ஒன்றே என்பது என் கருத்து. அதே பக்கங்களைப் புரட்டும் வில்லியம் எப்படிப் பிழைக்கிறார் என்ற இரண்டாவது ஐயத்துக்குப் புத்தகத்திலேயே விடை உண்டு: கடைசியில் அந்தப் பக்கங்களைப் புரட்டும் வில்லியம் கையுறை போட்டுக்கொள்கிறார். வெயிலில் வேகிறது என்று கையுறையைக் கழற்றிவிட்டு, அதே கையால் வெற்றிலை மடித்துப் போட்டவர்களுக்கு வந்த கேட்டைக் கண்டவர்கள், அந்த வரியை மேலோட்டமாகப் படித்துவிட்டுப் போக முடியாது.

இன்னொரு நுட்பம். தேடும் புத்தகம் ஒருமுறை கைக்கு எட்டும் தூரத்தில், செவெரினஸின் கூடத்து மேசைமேலேயே கிடக்கிறது. கிரேக்கப் புத்தகத்தைத் தேடுகிறார்கள்; பிரித்துப் பார்த்த முதல் பக்கத்தில் அரபு எழுத்து; தள்ளி வைத்துவிடுகிறார்கள். அக்காலத்தில் பல மொழி நூல்களை ஒரே கட்டாகச் சேர்த்துத் தைப்பது வழக்கம், முதல் பக்கத்தை வைத்து முழுக் கட்டையும் தீர்மானிக்கக் கூடாது. வில்லியமுக்கு இது தெரியாததல்ல. அவசரத்தில் மறந்துவிட்டார். பிறகு உணர்ந்து ஓடிவரும்போது புத்தகம் அங்கே இல்லை. துப்பறிவாளர் கோட்டை விடும் இடம்கூட அந்த நூற்றாண்டின் புத்தகக் கட்டு முறையில் இருக்கிறது.

ஐந்தாம் நாள் வரும் விசாரணை நாவலின் உச்சம். மத விசாரணை அதிகாரி பெர்னார்து குய் நிஜ மனிதர், 1331இல் இறந்தவர். கொலை நடந்த மடத்துக்கு வருகிறார், ஆனால் கொலையாளி அவருக்குத் தேவையில்லை. பேச்சுவார்த்தையை உடைக்க ஒரு குற்றவாளி தேவை. பண்டகசாலைத் துறவி ரெமிஜியோ இளமையில், மதத்துரோகி என்று 1307இல் கொல்லப்பட்ட தோல்சினோவின் கூட்டத்தில் இருந்தவர். அந்தப் பழைய கணக்கை எடுத்து மேசைமேல் வைத்ததும் விசாரணை முடிந்துபோகிறது. சித்திரவதைக்கு அஞ்சிச் செய்யாத கொலைகளையெல்லாம் அவரே ஒப்புக்கொள்கிறார். 1948 ஜூன் 16இல் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதும், இரண்டே நாளில் மலாயா முழுக்க அவசரகாலம் வந்ததும் சுங்கை சிப்புட்டின் சரித்திரம். தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி ஆயுதம் வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4இல் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். இரண்டு நிகழ்ச்சியும் ஒன்று என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் விசாரணை இல்லாமல் அடைத்துவைத்த காலத்தைப் பெரியவர்கள் வாயால் கேட்டு வளர்ந்த ஊரில், ரெமிஜியோவின் அத்தியாயத்தை வாசித்து முடித்ததும் நீண்ட விவாதம் எழுந்ததில் வியப்பில்லை. வில்லியம் உண்மையை நெருங்கிக்கொண்டிருக்கிறார், அதிகாரம் அதற்குக் காத்திருக்கவில்லை. துப்பறிவாளர் நாவலில் இதை இவ்வளவு நேராகச் சொன்னவர்கள் குறைவு.

குறைகளுக்கு வருவோம். முதல் 100 பக்கம் மெதுவாக நகர்கிறது. எங்களில் சிலர் அங்கேயே மூடி வைத்துவிட்டார்கள். சுருக்கச் சொல்லி நண்பர்களும் பதிப்பகத்தாரும் கேட்டும் எக்கோ இணங்கவில்லை. அது மடத்துக்குள் நுழையும் தவம் என்று பின்னுரையில் வாதாடுகிறார். முழுவதும் ஏற்க முடியவில்லை. கோயில் வாசல் சிற்பங்களை அட்ஸோ பார்த்து மலைக்கும் பகுதி பக்கம் பக்கமாகப் போகிறது, அதில் பாதி போதும். ஆனால் மூன்றாம் நாள் வரும் தோல்சினோவின் வரலாற்றை மட்டும் தாண்டிவிடாதீர்கள். அலுப்பாகத் தோன்றும், அதைப் படிக்காமல் ஐந்தாம் நாளுக்குப் போனால் ரெமிஜியோ ஏன் உடைந்து போகிறார் என்பது விளங்காது. லத்தீன் வாசகங்கள் பலவற்றுக்கு அடிக்குறிப்பு கிடையாது. கதைக்குத் தேவையான லத்தீனை யாராவது ஒரு பாத்திரம் விளக்கிவிடும். விளக்காததை விட்டுவிட்டுப் போனால் புதிர் கெடாது. மனிதர்களின் பெயர்கள் குழப்பும் என்பது நிச்சயம். துறவிகள் யார் யார், என்ன வேலை, எந்த நாள் சாகிறார் என்று நேர அட்டவணைத் துண்டின் பின்பக்கத்திலேயே எழுதிக்கொண்டே வாருங்கள்.

பெண்கள் பக்கமிருந்து வந்த குறை வலுவானது. இந்த 500 பக்கத்தில் நடமாடும் ஒரே பெண், மலையடிவாரத்து ஏழைப் பெண். இறைச்சித் துண்டுக்காக இரவில் மடத்துச் சமையலறைக்கு வருகிறாள். மிஞ்சிய மாட்டு இதயம் போன்றவைதான் அவளுக்குக் கிடைக்கும் கூலி. குய் அவளைச் சூனியக்காரி என்று பிடித்துக்கொண்டு போகிறார். கொண்டுபோவது எரிப்பதற்கு என்பது எல்லாருக்கும் தெரியும். அவள் பேச்சு யாருக்கும் புரியவில்லை. அவள் பெயர் அட்ஸோவுக்குக் கடைசிவரை தெரியாது. அந்தக் காலம் அவளைப் பார்த்த விதம் அதுதான், எக்கோ உண்மையைத்தான் எழுதியிருக்கிறார் என்றார்கள் ஒரு சாரார். இன்னொரு சாரார், குதிரைக்குப் பெயர் கண்டுபிடித்த வில்லியம் இவள் பெயரைக் கேட்கக்கூட முயலவில்லையே என்றார்கள். நான் இரண்டாம் சாரார் பக்கம். அட்ஸோ எண்பது வயதில் அவளுக்காக வருந்துகிறான். ஆனால் பிடிபட்ட இரவில் ஆசானோ சீடனோ அவளுக்காக ஒரு வார்த்தை வாதாடவில்லை. பசிக்கு வந்தவள் என்பதற்குச் சாட்சி சொல்லக்கூடியவன் அட்ஸோ ஒருவன்தான், அவனும் வாய் திறக்கவில்லை. கதை இதை மறைக்கவில்லை என்பது நாவலின் நேர்மை. அதற்காக இருவரையும் மன்னிக்க வேண்டியதில்லை.

1986இல் வந்த ஷான் கானரி படத்தைப் பார்த்துவிட்டுக் கதை தெரியும் என்று நினைப்பவர்கள் புத்தகத்தைத் தள்ளிவைக்க வேண்டாம். படத்தில் அந்தப் பெண் பிழைக்கிறாள், குய் சாகிறார். நாவலில் இரண்டும் நடக்கவில்லை. இரட்டையர் வேலை செய்யும் விதம், கண்ணாடி, கிரேக்கம், தாள் எல்லாம் புத்தகத்தில்தான் முழுமையாக இருக்கிறது.

இளைய வாசகர்களில் பதினாறு, பதினேழு வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தயங்காமல் கொடுக்கலாம். அதற்குக் கீழே இருப்பவர்களுக்கு விசாரணைப் பகுதியும் சமையலறை இரவும் கனமாக இருக்கும். ஒரே மூச்சில் படிக்க வேண்டிய புத்தகமல்ல இது. ஒரு வாரத்துக்கு மடத்தின் ஒரு நாள் என்று பிரித்துப் படித்தால் பெயர்களும் நேரங்களும் மனத்தில் நிற்கும், கூடிப் பேசவும் தோதாக இருக்கும். மலிவுப் பதிப்புகளில் எழுத்து மிகப் பொடிசு. கண்பார்வை மங்கியவர்கள் கெட்டி அட்டைப் பதிப்பைத் தேடுவது நல்லது, அல்லது எழுத்தைப் பெரிதாக்கக்கூடிய மின்நூலாக வாங்கலாம். ஆசிரியரின் பின்னுரை சேர்ந்த பதிப்பு கிடைத்தால் அதையே வாங்குங்கள். ஆனால் பின்னுரையை நாவலுக்கு முன்னால் திறக்க வேண்டாம். கொலையாளி யார் என்பதை அதில் எக்கோ மறைக்காமல் எழுதியிருக்கிறார்.